தொப்பி வச்ச ஷெரீப்பா... மேஜை கிளார்க்கா? அமெரிக்க ஷெரீப் ஆபீசில் யார் கையில் பவர்?

கோர்ட் எப்போதோ ரத்து செய்த வாரண்ட், ஷெரீப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் 5 மாதமாக உயிரோடு இருந்தது. அதை நம்பி ஒருவரை மடக்கிப் பிடித்தார்கள். தவறு என்று தெரிய வந்தது 15 நிமிடத்துக்குள்! ஆனால் அந்த 15 நிமிடம் அவருக்கு 27 மாத சிறைத் தண்டனையில் கொண்டு போய் விட்டது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2004ம் ஆண்டு நடந்த இந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2009ல் பெரிய தீர்ப்பாக முடிந்தது. ஷெரீப் என்றால் குதிரை, தொப்பி, நட்சத்திர பேட்ஜ், இடுப்பில் துப்பாக்கி என்று ஆங்கிலப் படங்களில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வழக்கில் ஒரு ஆச்சரியம் உண்டு. இதில் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. ஒரு கிளார்க், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பைல் அலமாரி, ஒரு பேக்ஸ் மிஷின்... அவ்வளவுதான்!

ஷெரீப் ஆபீசின் உள்ளே இந்த மேஜை வேலைகள் எப்படி நடக்கின்றன? அங்கே ஒரு காகிதம் நகராமல் போனால் வெளியே யாருக்கு என்ன ஆகிறது? ஓர் அலசல்...

நடந்தது என்ன?

2004ம் ஆண்டு ஜூலை 7ம் தேதி. அலபாமாவில் உள்ள காபி கவுன்டி. பறிமுதல் ஆகி நின்ற தன் வண்டியில் இருந்து ஏதோ பொருளை எடுக்க ஹெர்ரிங் என்பவர் ஷெரீப் ஆபீசுக்கு வந்தார். அங்கு உள்ளவர்களுக்கு ஏற்கனவே பழக்கமான முகம். பார்த்ததும் ஒரு விசாரணை அதிகாரிக்கு மூக்கு வியர்த்து விட்டது.

இவர் மீது வாரண்ட் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று ஆபீசின் வாரண்ட் கிளார்க்கிடம் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அதிகாரி விடவில்லை. பக்கத்தில் உள்ள டேல் கவுன்டியில் விசாரித்துப் பார்க்கச் சொன்னார். அங்குள்ள கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். கோர்ட்டில் ஆஜராகாததற்காக பிறப்பிக்கப்பட்ட பிடிவாரண்ட் இருப்பதாகக் காட்டியது. அதன் நகலை பேக்ஸ் அனுப்பும்படி கேட்டுவிட்டு, கிளம்பிப் போன ஹெர்ரிங்கை அதிகாரி துரத்திப் போய் மடக்கினார். சோதனை போட்டதில் பாக்கெட்டில் போதைப்பொருள், வண்டியில் ஒரு கைத்துப்பாக்கி. ஏற்கனவே தண்டனை பெற்றவர் என்பதால் அவர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.

இந்தப் பக்கம் இது நடந்து கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் டேல் கவுன்டி கிளார்க் பேக்ஸ் அனுப்புவதற்காக வாரண்ட் காகிதத்தைத் தேடினார். பைலில் காணோம்! சந்தேகம் வந்து கோர்ட் கிளார்க்குக்கு போன் போட்டார். அந்த வாரண்ட் 5 மாதத்துக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டு விட்டது என்று அங்கிருந்து பதில் வந்தது. உடனே காபி கவுன்டிக்கு தகவல் சொன்னார். அங்கிருந்து வயர்லெஸ்சில் அதிகாரிக்கும் தகவல் பறந்தது.

எல்லாம் சேர்ந்து 10, 15 நிமிடம்தான். ஆனால் அதற்குள் கைது முடிந்து விட்டது, சோதனையும் முடிந்து விட்டது. நடந்த இடமோ ஷெரீப் ஆபீசில் இருந்து கூப்பிடு தூரம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், தவறைக் கண்டுபிடித்ததும் அதே டேல் கவுன்டி கிளார்க்தான். கம்ப்யூட்டர் சொன்னதைத் தாண்டி காகிதத்தைத் தேடிப் போனதால் உண்மை வெளியே வந்தது. கைது செய்வதற்கு முன் அந்த பேக்ஸ் வரும் வரை காத்திருந்தால் இந்த வழக்கே இல்லை.

ஷெரீப் என்பவர் யார்?

அமெரிக்காவில் மாநிலங்களுக்குக் கீழே கவுன்டி என்ற பிரிவு இருக்கிறது. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி வைத்துக் கொள்ளலாம். நாடு முழுவதும் சுமார் 3 ஆயிரம் ஷெரீப்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் ஷெரீப்பை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகர போலீஸ் என்பது வேறு. அதன் தலைவர் நியமிக்கப்படுபவர்.

ஷெரீப்புக்கு மூன்று தலை வேலை. நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளில் ரோந்து, சட்டம் ஒழுங்கு. கவுன்டி ஜெயிலை நடத்துவது. கோர்ட்டின் கையாக இருந்து சம்மன் கொடுப்பது, வாரண்ட் நிறைவேற்றுவது, ஜப்தி, ஏலம், வீட்டைக் காலி செய்வது. இடத்துக்கு இடம் இது மாறும். நியூயார்க் நகரில் ஷெரீப் நிதித்துறைக்குக் கீழே இருக்கிறார் என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்!

நம்ம சென்னைக்கும் இந்தப் பதவி புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஷெரீப் பதவி, பிற்காலத்தில் நகரப் பிரமுகர்களுக்குத் தரப்படும் கவுரவப் பதவியாக நீடித்தது. ஏவி.எம். சரவணன் கூட சென்னை ஷெரீப்பாக இருந்தவர்தான். 1990களின் கடைசியில் இங்கே அந்தப் பதவிக்கு மூடுவிழா நடத்தப்பட்டது. இங்கே மாலை மரியாதையோடு முடிந்து போன பதவி, அமெரிக்காவில் ஜெயில் சாவியோடு இன்னும் இருக்கிறது.

ஜெயில் சாவி என்றால் சும்மாவா? சாவிக்குப் பின்னால் மலை மாதிரி காகித வேலை. அமெரிக்க நீதித்துறையின் 2016ம் ஆண்டு கணக்கின்படி, ஷெரீப் ஆபீஸ்களில் வேலை பார்த்த முழு நேர ஊழியர்கள் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் பேர். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பதவிப் பிரமாணம் எடுத்த அதிகாரிகள் கிடையாது. சாதாரண சிவிலியன் ஊழியர்கள். ஜெயிலில் வேலை பார்ப்பவர்களும் இதில் உண்டு.

மேஜைக்கு மேஜை என்ன வேலை?

நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. இன்ஸ்பெக்டர் மாறிக்கொண்டே இருப்பார், எந்த பைல் எங்கே இருக்கிறது என்பது ரைட்டருக்குத்தான் தெரியும். அமெரிக்க ஷெரீப் ஆபீசில் அந்த ரைட்டர் வேலையைப் பிய்த்துப் பல மேஜைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ரெக்கார்ட்ஸ் மேஜை: அதிகாரிகள் எழுதும் ரிப்போர்ட் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். பதிவு செய்வது, திருத்துவது, கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் நகல் கொடுப்பது, தகவல் கேட்டு வரும் பொதுமக்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் இவர்கள் தலையில்.

வாரண்ட் மேஜை: கோர்ட் பிறப்பிக்கும் வாரண்டை கம்ப்யூட்டரில் ஏற்றுவது, ரத்தானால் எடுப்பது. கேட்க சின்ன வேலை. ஹெர்ரிங்கைக் கேட்டால் தெரியும்!

சிவில் மேஜை: சம்மன், ஜப்தி உத்தரவு, வீட்டைக் காலி செய்யும் உத்தரவு ஆகியவற்றைப் பதிந்து, கட்டணம் வாங்கி, அதிகாரியிடம் கொடுத்து அனுப்பி, போன காரியம் என்ன ஆனது என்று கோர்ட்டுக்குத் திரும்ப எழுதுவது.

ஜெயில் புக்கிங் மேஜை: உள்ளே வருபவரின் பெயர், பிறந்த தேதி, போட்டோ, கைரேகை, சட்டைப் பையில் என்ன இருந்தது, உடம்புக்கு என்ன நோய், வேறு எங்காவது வாரண்ட் இருக்கிறதா... ஒன்று விடாமல் எழுத வேண்டும். ஜாமீன் தொகை, அடுத்த கோர்ட் தேதி, விடுதலை உத்தரவு எல்லாம் இதே பைலில்தான்.

சாட்சிப் பொருள் அறை: பறிமுதல் செய்த கத்தி, கஞ்சா, பணம், செல்போன் ஆகியவற்றுக்கு சீட்டு ஒட்டிப் பூட்டி வைப்பது. இங்கே கோளாறு வந்தால் வழக்கே ஆட்டம் காணும். கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியில், ஷிப்ட் முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டிய சாட்சிப் பொருட்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு தாமதமாகவே உள்ளே வந்தது ஷெரீப் ஆபீசின் தணிக்கையிலேயே தெரிந்தது. இந்த விஷயம் 2019ல் வெளியே வந்து பெரும் புயலைக் கிளப்பியது.

இவை தவிர பல இடங்களில் 911 அவசர போன் பிரிவு, துப்பாக்கி லைசென்ஸ், சம்பளம், வண்டி பராமரிப்பு, கைதிகளின் சாப்பாட்டுக் கணக்கு என்று பட்டியல் நீள்கிறது. சின்ன கவுன்டிகளில் இதில் நாலைந்து வேலையை ஒரே ஆள் பார்ப்பதும் உண்டு.

10 நிமிட கெடு

ஒரு கவுன்டியில் போட்ட வாரண்ட் இன்னொரு மாநிலத்து அதிகாரிக்கு எப்படித் தெரிகிறது? அங்கேதான் எப்.பி.ஐ. வருகிறது. 1967ல் எப்.பி.ஐ. தொடங்கிய தேசிய குற்றத் தகவல் மையம் என்ற கம்ப்யூட்டர் வலைப்பின்னலில், தேடப்படுபவர்கள், திருட்டு வண்டிகள், காணாமல் போனவர்கள் என எல்லா விவரமும் இருக்கிறது. அமெரிக்காவின் எந்த மூலையில் வண்டியை மறித்தாலும் அதிகாரி இதைத்தான் தட்டிப் பார்ப்பார்.

ஆனால் தகவலை ஏற்றுவது எப்.பி.ஐ. இல்லை. வாரண்ட் வைத்திருக்கும் உள்ளூர் ஆபீஸ்தான் ஏற்ற வேண்டும், எடுக்கவும் வேண்டும். அதற்குக் கறாரான விதிகள் உண்டு.

வேறு ஊரில் ஒருவர் சிக்கினால், கம்ப்யூட்டர் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வாரண்ட் போட்ட ஆபீசைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அவசரம் என்றால் அந்த ஆபீஸ் 10 நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சாதாரண விஷயம் என்றால் 1 மணி நேரம். நடு ராத்திரி 2 மணிக்குக் கேட்டாலும் இதே கெடுதான். அதற்காகத்தான் சின்ன கவுன்டியில் கூட 24 மணி நேரமும் யாராவது ஒருவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்கிறார்கள்.

ஏற்றிய தகவல் இன்னும் சரிதானா என்று அவ்வப்போது கோர்ட்டிடம் கேட்டு சரிபார்க்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 3 வருடத்துக்கு ஒரு முறை எப்.பி.ஐ. ஆடிட்டும் உண்டு.

இவ்வளவு கெடுபிடி இருந்தும் இன்னொரு பக்கம் கதவைத் திறந்து விட்டார்கள். அரசு ஆவணங்களில் உள்ள தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்லும் 1974ம் ஆண்டு தனியுரிமைச் சட்டப் பிரிவில் இருந்து இந்த வலைப்பின்னலுக்கு 2003 மார்ச்சில் விலக்கு கொடுத்து விட்டது அமெரிக்க நீதித்துறை. போலீஸ் தகவல் எல்லாம் சேகரிக்கும்போதே சரியா தப்பா என்று தெரியாது என்பது அவர்கள் வாதம். ஆக, சரியாக வைத்துக் கொள்ளும் பொறுப்பு முழுக்க கவுன்டி மேஜைக்கே வந்து சேர்ந்தது.

ஒரு போன் போடாததால்...

ஹெர்ரிங்குக்கு முன்பே அரிசோனாவில் இதே மாதிரி ஒரு கூத்து நடந்தது.

டிராபிக் விதியை மீறிய வழக்குகளில் ஆஜராகவில்லை என்று எவன்ஸ் என்பவர் மீது 1990 டிசம்பர் 13ந்தேதி வாரண்ட் போடப்பட்டது. ஆறே நாளில், 19ந்தேதி, அவர் கோர்ட்டுக்கு வந்து விட்டார். வாரண்டை ரத்து செய்யும்படி பைலில் எழுதப்பட்டது. அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

அங்கே இருந்த நடைமுறை இதுதான். கோர்ட் கிளார்க், ஷெரீப் ஆபீசின் வாரண்ட் பிரிவுக்கு போன் செய்து ரத்தானதைச் சொல்ல வேண்டும். ஷெரீப் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து எடுக்க வேண்டும். யார் போன் செய்தார், அந்தப் பக்கம் யார் எடுத்துப் பேசினார் என்று கோர்ட் பைலில் குறித்து வைக்க வேண்டும்.

17 நாள் கழித்து பீனிக்ஸ் நகரில் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் வந்த எவன்சை போலீஸ் மறித்தது. கம்ப்யூட்டர் வாரண்ட் இருக்கிறது என்றது. கைவிலங்கு மாட்டும்போது அவர் கையில் இருந்து ஒரு சுருட்டிய சிகரெட் கீழே விழுந்தது. கஞ்சா வாடை! அவ்வளவுதான், புது வழக்கு.

பிறகு விசாரித்ததில், போன் செய்ததாகக் கோர்ட் பைலில் குறிப்பு இல்லை. போன் வந்ததாக ஷெரீப் ஆபீசிலும் பதிவு இல்லை. இந்த மாதிரி தவறு மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும் என்று கோர்ட்டின் தலைமை கிளார்க் சாட்சி சொன்னார். ஆனால் விஷயம் தெரிந்து பைல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அதே நாளில் இன்னும் மூன்று வழக்குகளில் இதே தவறு நடந்திருந்தது தெரிந்தது!

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கோர்ட் விட்டாச்சு, ஜெயில் விடலை!

உள்ளே போவதில் மட்டும்தான் சிக்கலா? வெளியே வருவதிலும்தான்.

ஒருவரை விடுதலை செய்ய கோர்ட் உத்தரவு போட்டதும் ஜெயில் கதவு தானாகத் திறக்காது. உத்தரவு ஜெயிலுக்கு வந்து சேர வேண்டும். கிளார்க் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வேறு வழக்கில், வேறு ஊரில் அவரைத் தேடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் உடமைகளைக் கொடுத்து அனுப்புவார்கள். ஆளே தெரியாத ஒருவரை அவசரப்பட்டு விட்டு, பிறகு அவர் கொலை வழக்கில் தேடப்படுபவர் என்று தெரிந்தால்? அந்தப் பயமும் நியாயமானதுதான்.

ஆனால் எவ்வளவு நேரம் ஆகலாம்? ஒரு கோடிப் பேர் அளவுக்கு வசிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியின் ஷெரீப் ஆபீஸ்தான் அமெரிக்காவிலேயே பெரியது. அங்கே கோர்ட் விட்ட பிறகும் 26 மணி முதல் 29 மணி நேரம் வரை உள்ளே உட்கார வைக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கு மேல்முறையீட்டு கோர்ட் வரை போனது. வேலைப்பளு, நடைமுறை என்று கவுன்டி காரணம் சொன்னது. அதை அப்படியே ஏற்று வழக்கை மூட முடியாது, தாமதம் நியாயமானதா என்று விசாரிக்க வேண்டும் என்று 2004ல் உத்தரவு வந்தது. அதற்கு முன்பே, 2001ல், விடுதலை தாமதம் மற்றும் நிர்வாண சோதனை தொடர்பான வழக்குகளை முடிக்க அதே கவுன்டி 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டது. மக்கள் வரிப்பணம்தான்!

லூசியானா கதை இன்னும் மோசம். அந்த மாநிலத்தில் தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரை மாநில சிறையில் வைக்காமல் ஷெரீப்கள் நடத்தும் உள்ளூர் ஜெயில்களில் வைத்திருக்கிறார்கள். தண்டனைக் காகிதம் கோர்ட்டில் இருந்து ஷெரீப்புக்கும், ஷெரீப்பிடம் இருந்து மாநில சிறைத்துறைக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே நாள் கணக்குப் போட்ட பிறகே விடுதலை தேதி தெரியும். இந்த காகித ஊர்வலத்தில் மாதக் கணக்கு கரைந்து போகிறது. 2022 ஜனவரி முதல் ஏப்ரல் வரை விடுதலையானவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல், வெளியே வர வேண்டிய தேதிக்குப் பிறகும் உள்ளே இருந்தவர்கள் என்று 2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அறிக்கை கொடுத்தது. அப்படிச் சிக்கியவர்களிலும் நாலில் ஒருவர் அளவுக்கு 90 நாளோ அதற்கு மேலோ கூடுதலாக உள்ளே கிடந்திருக்கிறார்கள்.

தண்டனையை அனுபவித்து முடித்த மனிதர் மூன்று மாதம் சும்மா ஜெயிலில்! வேலை போகும், வாடகை வீடு போகும், பிள்ளைகள் முகம் பார்க்க முடியாது. காரணம் கேட்டால், பைல் இன்னும் வரவில்லை.

சாப்பாட்டுக் கணக்கில் சரக்கு

கணக்குப் பிள்ளை வேலையையும் விட்டு விடக் கூடாது. அலபாமாவில் 1930களில் இருந்தே ஒரு விசித்திரச் சட்டம் இருந்தது. கைதி ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு அரசு கொடுத்தது 1 டாலர் 75 சென்ட். செலவு போக மிச்சம் இருந்தால் ஷெரீப்பே பாக்கெட்டில் போட்டுக் கொள்ளலாம் என்று பல ஷெரீப்கள் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். கேட்கவா வேண்டும்?

மார்கன் கவுன்டி ஷெரீப் கிரெக் பார்ட்லெட், மூன்று வருடத்தில் 2 லட்சத்து 12 ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்தார். கார்ன் டாக் எனப்படும், மாவில் முக்கிப் பொரித்த சாசேஜை மலிவாக லாரியில் வாங்கிப் போட்டு, கைதிகளுக்கு வாரக் கணக்கில் அதையே கொடுத்தார்கள். 2009 ஜனவரியில் பெடரல் நீதிபதி கோபத்தில் ஷெரீப்பையே பிடித்து உள்ளே போட்டார். மறுநாள் தான் வெளியே வந்தார்.

அதன் பிறகும் அடங்கவில்லை. எட்டோவா கவுன்டி ஷெரீப் டாட் என்ட்ரெக்கின், ஜெயில் சாப்பாட்டுப் பணத்தில் 7 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்துக் கொண்டதும், கடற்கரையில் வீடு வாங்கியதும் 2018ல் அம்பலமானது. சட்டப்படிதான் செய்தேன் என்றார் அவர். அந்தத் தேர்தலில் தோற்றார். 2019ல் சட்டத்தையே திருத்தி, சாப்பாட்டுப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்று ஆக்கினார்கள்.

செக்கில் கையெழுத்துப் போடுபவரும், மிச்சத்தை எடுத்துக் கொள்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

காகிதத்தைப் படித்த ஷெரீப்

எல்லாக் கதையும் இப்படி இல்லை. சிகாகோ நகரம் உள்ள குக் கவுன்டியில் 2008 அக்டோபரில் நடந்தது வேறு மாதிரி.

வீட்டுக் கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரம். கடன் கட்டாத வீடுகளில் இருந்து ஆட்களை வெளியேற்றும் உத்தரவுகள் சிவில் பிரிவில் குவிந்தன. அதிகாரிகள் போய்க் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பது கடன் வாங்கிய வீட்டுக்காரர் இல்லை. மாதா மாதம் ஒழுங்காக வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர்! வீட்டுக்காரர் கடன் கட்டவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய வேலையை வங்கிகள் செய்யவில்லை.

ஷெரீப் டாம் டார்ட், இனி இந்த வெளியேற்றங்களைச் செய்ய மாட்டேன் என்று அறிவித்தார். சட்டத்தைக் கையில் எடுக்கிறார் என்று வங்கிகள் சங்கம் குதித்தது. அவர் அசரவில்லை. குடித்தனக்காரர்களுக்குப் பாதுகாப்பு தரும் நடைமுறைகள் முடிவான பிறகே, சில நாட்கள் கழித்து, வேலை மீண்டும் தொடங்கியது. அடுத்த வருடம் டைம் பத்திரிகை உலகின் செல்வாக்கான 100 பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

அவர் செய்தது பெரிய மந்திரம் எதுவும் இல்லை. உத்தரவில் உள்ள பெயரும் வீட்டில் உள்ள ஆளும் ஒன்றுதானா என்று கேட்டார். அந்தக் கேள்வி முதலில் வர வேண்டிய இடம் சிவில் மேஜை.

கிளார்க் தப்புக்கு யார் பொறுப்பு?

இப்போது சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது என்று பார்க்கலாம்.

சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த பொருளை சாட்சியாகக் காட்ட முடியாது என்பது அமெரிக்காவில் பல காலமாக உள்ள விதி. போலீஸ் எல்லை மீறாமல் இருக்கத்தான் இந்தக் கடிவாளம். கிளார்க் செய்த தவறுக்கும் இது பொருந்துமா?

எவன்ஸ் வழக்கில் 1995ல் 7க்கு 2 என்ற கணக்கில் பொருந்தாது என்றது கோர்ட். தவறு கோர்ட் ஊழியருடையது, அதற்காகப் போலீசைத் தண்டிப்பதில் பயன் இல்லை என்பது காரணம். ஹெர்ரிங் வழக்கில் தவறு ஷெரீப் ஆபீஸ் பக்கமே இருந்தது. அப்படியும் 2009 ஜனவரி 14ந்தேதி 5க்கு 4 என்ற நூலிழையில் அரசு ஜெயித்தது. எப்போதோ நடந்த தனிப்பட்ட கவனக்குறைவுக்காகக் குற்றவாளியை விட முடியாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். ஆனால் ஒரு கதவையும் திறந்து வைத்தார். வாரண்ட் பதிவேட்டையே பொறுப்பில்லாமல் வைத்திருந்தாலோ, தெரிந்தே பொய்யாக ஏற்றியிருந்தாலோ கதை வேறு என்றார்.

எதிர்த் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், இன்றைய குற்றவியல் நிர்வாகத்துக்குக் கம்ப்யூட்டர் பதிவேடுகள்தான் நரம்பு மண்டலம் என்றார். அதில் தவறு இருந்தால் தனி மனித சுதந்திரத்துக்கே ஆபத்து, தப்புக்கு விலை வைத்தால்தான் ஷெரீப் ஆபீஸ்கள் பதிவேட்டை ஒழுங்காக வைக்கும் என்பது அவர் வாதம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. எப்போதோ நடந்த தவறு என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? இதற்கு முன் இப்படி நடந்ததாக நினைவில்லை என்று இரண்டு கவுன்டி கிளார்க்குகளும் சொன்ன சாட்சிதான் ஆதாரம். அரிசோனாவிலும் அப்படித்தான் சொன்னார்கள். பைலைப் புரட்டியபோது அதே நாளில் மூன்று கிடைத்ததே!

அதாவது, தவறை எண்ணிப் பார்க்கும் ஆபீசுக்குத் தவறுகள் இருக்கும். எண்ணாத ஆபீசுக்கு எல்லாமே எப்போதோ ஒன்றுதான். சட்டம் இப்படி இருக்கும் வரை, எண்ணாமல் இருப்பவருக்கே லாபம். இந்த விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கிளார்க்குகளைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. சம்பளம் குறைவு, ஆள் குறைவு, போன் ஓயாது. அந்த நெருக்கடியிலும் காகிதத்தைத் தேடிப் போய் உண்மையைக் கண்டுபிடித்தவர் ஒரு கிளார்க்தான்.

செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரிந்ததுதான். கோர்ட் கம்ப்யூட்டரும் ஷெரீப் கம்ப்யூட்டரும் பேசிக் கொள்ள வேண்டும். அது முடியாத இடத்தில் யார் யாருக்கு, எத்தனை மணிக்குப் போன் செய்தார் என்ற குறிப்பு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பழைய வாரண்டுகளைக் குறித்த நாளில் சரிபார்க்க வேண்டும். கணக்கு எழுதுபவரும் பணத்தை எடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொரு தவறையும் ஒரு நோட்டில் எழுதி, வருடக் கடைசியில் வெளியே சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் ஷெரீப்பிடம் எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்று கேட்கும் மக்கள், தப்பாக எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்றும் கேட்டால் இது தானாக நடக்கும்.

நம்மவர்கள் கவனத்துக்கு...

அமெரிக்காவில் வேலை, படிப்பு என்று இருக்கும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே வண்டி ஓட்டாமல் பிழைப்பு நடக்காது. வேகமாகப் போனதற்கு ஒரு டிக்கெட் வாங்கி, கோர்ட் தேதியை மறந்து விட்டால் பல மாநிலங்களில் பிடிவாரண்ட் வரை போகும். எவன்ஸ் மீது வந்த வாரண்டும் டிராபிக் வழக்கில் வந்ததுதான் என்பதை மறக்க வேண்டாம். கைதாகி ஜெயிலில் புக்கிங் ஆனால், கைரேகை எப்.பி.ஐ.க்கும், அங்கிருந்து குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகும். விசாவில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் வீடு மாறினால் கோர்ட்டுக்கும் லைசென்ஸ் ஆபீசுக்கும் முகவரியைச் சொல்லி விடுங்கள். அபராதம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாரண்ட் ரத்தானால், முத்திரை போட்ட நகலை வாங்கி வண்டியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். சில நாள் கழித்து வக்கீல் மூலம் ஷெரீப் ஆபீசின் வாரண்ட் பிரிவில், கம்ப்யூட்டரில் இருந்து பெயரை எடுத்து விட்டார்களா என்று விசாரித்து விடுங்கள். கோர்ட் ரத்து செய்தது மட்டும் போதாது, மேஜையிலும் ரத்தாக வேண்டும்!